அறுபத்தொன்றாவது கட்டு

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாயாடி எழுதுவது. போன் செய்தால் எடுப்பதே இல்லை. கடிதத்துக்காவது வாய் திறப்பீர்களா பார்ப்போம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா சொல்லும் பயிற்சியைச் செய்கிறீர்களா, அல்லது செய்ததாகச் சொல்கிறீர்களா?

சட்டத்தில் மேற்படிப்பு சேரப் போகிறேன். ஒரே வருடம் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதும் படிப்பும் உண்டு. எனக்குப் பிடித்தது இரண்டு வருட ஆராய்ச்சிப் பட்டம். சீனியர் சிரிக்கிறார்: "ஆறு வருஷம் வாதாடிட்டு இப்ப போய்ப் புத்தகப் புழு ஆகப் போறியா?"

தன்மேல் வழக்கு இருப்பதே தெரியாமல் தோற்றுப்போனவர்களைப் பற்றி எழுத ஆசை. பேராசிரியை, "முதல்ல பழைய வழக்குக் கட்டுகளைப் பார்த்துட்டு வா, அப்புறம் முடிவு பண்ணு" என்றார். நம் ஊர் நீதிமன்றத்திலேயே இருநூறு கட்டுகள் படிக்க அனுமதி கிடைத்துவிட்டது. முப்பது வருடம் வீடு வீடாகச் சம்மன் கொடுத்த மனிதர் அப்பாவாக இருக்க, எனக்கென்ன கவலை?

அன்புடன்,
வாயாடி


மார்ச் 12

அன்பு மகளுக்கு,

இருவரும் நலம். பயிற்சி பாதி நாள் செய்கிறேன்.

மேலே படிப்பது சந்தோஷம். ஆனால் ஒரு வருடப் படிப்பே போதாதா? முடித்தால் கல்லூரியில் பாடம் நடத்தலாம். பழைய கட்டைப் பிரித்தால் ஒரே தூசி; உனக்கு மூச்சிரைக்கும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக எதற்கு? ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் வேறு தலைப்பா இல்லை? வேறு நீதிமன்றமா இல்லை?

அம்மா உனக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். ஒரு கை நீளமாகிவிட்டது. கேட்டால் குறை சொல்லாதே.

அப்பா


ஏப்ரல் 2

அப்பா,

நீங்கள் ஏன் தடுத்தீர்கள் என்று இப்போது தெரிகிறது.

அறுபத்தொன்றாவது கட்டு. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன வழக்கு. இரண்டு குழந்தைகளோடு இருந்த ஒரு தையல்காரப் பெண். உங்கள் கையெழுத்தில் அறிக்கை: "மூன்று முறை சென்றேன். வீடு பூட்டியிருந்தது. கதவில் ஒட்டினேன்." மூன்றாவது தேதி ஜூன் 14.

அன்றைக்கு நாம் ஊரிலேயே இல்லை. சட்டக் கல்லூரியில் எனக்கு நேர்காணல். முந்தின நாளே பேருந்து ஏறிவிட்டோம். நான் உள்ளே பதில் சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் வெளியே பெஞ்சில் என் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்தப் பெண் வராமலே தீர்ப்பாகிவிட்டது. அவர் பிறகு கொடுத்த மனுவும் கட்டில் இருக்கிறது. "பகல் முழுவதும் வீட்டில்தான் தைக்கிறேன், பூட்டுவதே இல்லை" என்கிறார். தள்ளுபடி.

அவர் வீடு போனது நான் வக்கீலாகத்தான்.  கட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இருநூறில் ஒன்று குறைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பதினைந்தாம் தேதிக்குள் விண்ணப்பம் தர வேண்டும். ஒரு வருடப் படிப்புக்கான கட்டத்தில் டிக் அடித்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

எனக்குத் தேதி தப்பாக ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். நம்பிவிடுகிறேன்.


ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு,

உன் ஞாபகம் சரி. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. போனதாக எழுதிவிட்டு உன்னோடு வந்தேன்.

ஆனால் பழியை நீ இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. உனக்காகப் போகாதது அந்த ஒரு நாள்தான். மற்ற இரண்டு நாளும் வெயிலுக்குச் சோம்பிப் போய், மேசையில் உட்கார்ந்தே எழுதினேன். அதை உன் கணக்கில் சேர்த்தால் நான் மனிதனே இல்லை.

பிறகு அந்தப் பெண்ணின் வீட்டைக் காலி செய்யவும் என்னைத்தான் அனுப்பினார்கள். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெஷினை நிறுத்தினார். "ஒரு தடவ வந்து சொல்லியிருக்கலாமே சார்" என்றார். பதினோரு வருடமாகக் காதில் கேட்கிறது. உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நேற்றுதான் சொன்னேன். கேட்டதும் ஸ்வெட்டரைக் கீழே வைத்தவள் இன்னும் எடுக்கவில்லை.

நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பேராசிரியையிடம் கொடு. விசாரித்து என் பென்ஷனில் கை வைத்தால் வைக்கட்டும்.

அந்தத் தையல்காரப் பெண்ணையும் தேடிப் போய் ஒரு நகல் கொடுத்தேன். ஒரு துணிக்கடையின் பின்கட்டில் தைக்கிறார். நின்றபடியே இரண்டு தரம் படித்தார். "இத வச்சு இப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அத விடுங்க, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. படித்தவள் நீ.

அப்பா


ஏப்ரல் 16

அப்பா,

ஆராய்ச்சிப் பட்டத்துக்கே விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். நீங்கள் எழுதித் தந்ததைப் பேராசிரியையிடம் கொடுத்து எல்லாம் சொன்னேன்.  அவர், "அந்தக் கட்டு இருக்கட்டும். ஆனா அத நீ ஆராயக் கூடாது, வேற ஆள் படிக்கட்டும்" என்றார்.

அந்தத் தையல்கார அம்மா கேட்டதற்கு எனக்கும் இன்னும் பதில் தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்துத் தீர்ப்பைத் திறக்க வழி இருக்கிறதா என்று தேடுகிறேன். இல்லையென்றால் இல்லை என்று அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வருகிறேன். பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். அங்கிருந்து நேராகத் துணிக்கடைக்குப் போவோம், வீட்டுக்கு அப்புறம்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. இருந்தாலும் வாருங்கள்.

உங்கள் மகள்