பின்சீட்டு காலி

பிப். 6, வெள்ளி. கீரமங்கலம்

காலையில் நல்ல பனி. மல்லிகை வரத்து குறைவு, பூக்கடையைச் சீக்கிரம் சாத்தியாயிற்று. மதியம் அறந்தாங்கியில் பைக் மெக்கானிக்கிடம். காலால் மாற்றும் கியரை இனி கையால் இழுத்து மாற்றலாம், கம்பி பொருத்திவிட்டார். நாலாவது கியர் கொஞ்சம் முரண்டு. பழகிவிடும்.

நானே ஓட்டிக்கொண்டு வீடு. இரண்டு வருடத்துக்குப் பிறகு முகத்தில் காற்று. வண்டி முன்பைவிட லேசு. பின்னால் ஆள் இல்லாத லேசு. பிடிக்கவில்லை.

பிப். 7, சனி

தேன்மொழியிடம் சொல்லிவிட்டேன். திங்கள் கிளம்புகிறேன், கன்னியாகுமரிக்கு. இரண்டு வருடம் முன்பு இருவருமாகக் கிளம்பிய பயணம்தான். மீமிசலுக்கு முன்னாலேயே லாரி மோதி நின்றுபோனது. என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அவளுக்கு மணிக்கட்டு எலும்பு. அந்தக் கையோடு, ஆம்புலன்ஸ் வரும்வரை என் காலைத் தன் சேலையால் இறுக்கிக் கட்டி மடியில் வைத்திருந்தாள். அதன் பிறகு எந்த பைக்கிலும் ஏறியதில்லை, அவள் தம்பி வண்டியில்கூட.

நீயும் வா என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நீங்க போங்க, நான் வேணாங்கல. என்னையக் கூப்புடாதீங்க."

சண்டை போட்டிருந்தால் தேவலை.

பிப். 8, ஞாயிறு

வெயில். டயருக்குக் காற்று. செயற்கைக் காலுக்குள் போடும் உறைகள், பவுடர், மாத்திரை, ஸ்பேனர். உறைகளைத் துவைத்துக் காயவைத்தது அவள்தான். பூனை குட்டி போட்டிருக்கிறது, மாடிப்படிக்கு அடியில்.

பிப். 9, திங்கள். சாயல்குடி

விடிந்ததும் கிளம்பல். லாரி மோதிய இடத்தில் நிற்க நினைத்திருந்தேன். நிற்கவில்லை. எஸ்.பி. பட்டினம், தொண்டி, தேவிபட்டினம். முன்பெல்லாம் ஊர்ப் பலகை வரும்போது என் தோளைத் தட்டிப் பேரைச் சத்தமாகப் படிப்பாள். இன்று நானே படித்துக்கொண்டேன். பலகைக்குப் பலகை தோளில் அந்த இடம் மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

தொண்டி டீக்கடையில் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கியர்க் கம்பியைக் காட்டினேன். தனியாகவா போகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல நேரமாயிற்று.

ராமநாதபுரம் தாண்டியதும் வெட்டுப்பட்ட கால் முனையில் எரிச்சல். சாயல்குடியில் லாட்ஜ் எடுத்து, செயற்கைக் காலைக் கழற்றிப் பார்த்தால் தோல் உரிந்து ரத்தம். அவளுக்குப் போன் செய்தேன். மறைக்கத்தான் நினைத்தேன், குரலிலேயே பிடித்துவிட்டாள்.

"அங்கிட்டே இருங்க. காலையில பஸ்ஸப் புடிச்சு வாரேன்."

கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவ்வளவுதான் என் கன்னியாகுமரி.

பிப். 10, செவ்வாய்

மதியம் வந்தாள். ஒரு பை, ஒரு குடை. புண்ணைக் கழுவி மருந்து போட்டாள். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நானாகவே சொன்னேன்.

"இம்புட்டு தூரம் வந்துட்டுத் திரும்பவா? புண்ணு ஆறட்டும். நீங்க வண்டியில வாங்க, நான் பஸ்ல வாரேன்."

பிப். 11, புதன்

ஓய்வு. புண் காய்கிறது. ஒரே அறையில் இருவரும். நாளை எங்களுக்கு நடுவில் ஒரு பஸ் இருக்கும்.

பிப். 12, வியாழன். வேம்பார், டீக்கடை

தூத்துக்குடி பஸ். கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால். பின்கண்ணாடி முழுக்கத் தூசி. அவள் உள்ளேயிருந்து துடைத்தால் எப்படிப் போகும்? ஆனாலும் துடைத்தாள். பஸ் வேகம் எடுத்தால் அவள் சிறியதாகிவிடுவாள். நானும் முறுக்குவேன். வளைவுகளில் மறைந்து மறுபடி வருவாள். கழுத்து வலித்திருக்கும், ஒருமுறைகூட முன்பக்கம் திரும்பவில்லை. இவ்வளவு நேரம் இவள் என் முகத்தைப் பார்த்தது கல்யாணமான புதிதில்கூடக் கிடையாது.

இங்கே டீக்கு நிறுத்தினார்கள். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று குடித்தாள். கால் எப்படி இருக்கிறது என்றாள். பரவாயில்லை என்றேன். கண்டக்டர் விசில் அடித்தார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பையை இறக்கி வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பஸ் போய்விட்டது.

"ஒத்த ஹெல்மெட்டுதான் கொண்டாந்தீங்களா?"

எதிர்க் கடையில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறாள். தாடைப் பட்டையை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டுகிறாள். வருகிறாள்