உன் சனிக்கிழமை வேட்டி

என் அருமைச் சவிரிமுத்து,

கொட்டாஞ்சேனைக் கோயிலில் உன் ஆண்டு நினைவுப் பூசை நல்லபடி முடிந்தது. உன் மனைவி பிலோமினா கறுப்புச் சேலையில் முன்வரிசையில் இருந்தாள். உன் மகள் மேரி, உன்னைப்போலவே தலையைச் சற்றுச் சரித்துக்கொண்டு பாடினாள். இவ்வளவும் நல்ல செய்தி. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று சில நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

பத்திரிகையில் எழுதியே வயது போனவன் நான். நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த தொழில். நீ அறிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். இதைப் பத்திரிகையில் வாசிக்கப்போகிறவர்கள் உன்னை அறியாதவர்கள்.

நாங்கள் நாலு பேர். துறைமுகக் கிளாக்கர் நீ. புறக்கோட்டையில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஹசன் நானா. அந்த நாளில் சட்டம் படித்துக் கோர்ட்டுக்குப் புதிதாகப் போகத் தொடங்கியிருந்த பிரக்கிராசி துரைராசா. வெள்ளவத்தையிலிருந்து ரயிலேறி வரும் நான். சனிக்கிழமை பின்னேரமானால் கோட்டையில் கூடுவோம். ஒரு கிழமை சீனக்காரரின் சாப்பாட்டுக்கடை, மறு கிழமை கப்பற்காரர் குடிக்கும் பார், அடுத்த கிழமை மருதானையில் புரியாணி. எங்கே போனாலும் நானாவுக்கு இஞ்சிச் சோடாதான். "நாலு பேர்ல ஒத்தனாவது வீட்டுக்குப் பாத தெரிஞ்சவனா ஈக்க வேணாமா?" என்பார். நீ அவருடைய சோடாப் போத்தலை முகர்ந்து பார்த்து, "நானா, இதிலை என்னவோ கலந்திருக்கு, உங்கடை கண் சிவந்திருக்கு" என்பாய்.

அந்தச் சனிக்கிழமைகளில் நீ வேட்டியும் கறுப்புக் கோட்டும்தான் உடுத்துவாய். கிழமை முழுக்கத் துறைமுகத்தில் காற்சட்டைக்குள் வேர்த்துப்போய் நிற்பவன் நீ. "கிழமை நாள் துரைமாருக்கு, சனிக்கிழமை எனக்கு" என்று சொல்லிவிட்டாய். நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

பிறகு, கடலைப் பார்த்தபடி இருக்கும் அந்தப் பெரிய ஹோட்டலில் கொக்டெயில் குடித்துப் பார்க்கவேண்டும் என்று துரைராசா ஆசைப்பட்டான். நாங்கள் மூன்று பேரும் காற்சட்டையோடு முதலே போய் உள்ளே இருந்துவிட்டோம். நீ பின்னால் தனியாக வந்தாய். வாசற்காரன் கையை நீட்டி, "சமாவென்ன மஹத்தயா" என்று சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உன்னை மறித்தான். வேட்டியோடு வருகிறவர்களை உள்ளே விடக்கூடாதாம். நாங்கள் கண்டு எழுந்து வெளியே வந்தோம். நீ கோபப்படவில்லை. வாசற்காரனின் இடுப்பைக் காட்டினாய். அவனும் உள்ளே பரிமாறுகிறவர்களும் கட்டியிருந்ததும் வெள்ளைத்துணிதான்.

"மச்சான், ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் என்னையும் விட்டிருப்பாங்கள்" என்றாய். நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்குத்தான் எங்கள் ஏற்பாடு பிறந்தது. எந்த இடமானாலும் நாலு பேரும் வந்து சேரும்வரை வாசலில் நிற்பது. போனால் நாலு பேருமாகப் போவது, இல்லையென்றால் ஒருவரும் போவதில்லை. மழையிலும் நின்றோம். உலகச் சண்டைக் காலத்தில் குண்டுக்குப் பயந்து ஊர் இருட்டாகக் கிடந்தபோதும் நின்றோம். துரைராசாவும் நின்றான். அதை இங்கே சொல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம்.

இனிப் போன சனிக்கிழமை நடந்தது.

பூசையன்று பின்னேரம் உன் நினைவாக ஒரு விருந்து வைக்கவேண்டும், அதை அந்த ஹோட்டலிலேயே வைக்கவேண்டும் என்றான் துரைராசா. "வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போறான். இப்ப எங்கடை ஆக்கள்தான் அங்கை நிறைஞ்சிருக்கினம். சவிரியை மறிச்ச இடத்திலையே அவனுக்காகக் கிளாஸ் தூக்குவம்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. உன் இடத்துக்கு நாலாவது ஆளாக, பிலோமினாவின் தம்பி அலோசியசைக் கூப்பிட்டோம். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறானே, அவன்தான்.

எனக்கு ரயில் பிந்திவிட்டது. கோட்டையில் இறங்கி வேகமாக நடந்தேன். பொழுது சாய்கிற வெளிச்சம். ஹோட்டல் வாசலில், எனக்கு முதுகைக் காட்டியபடி நீ நின்றாய்.

சவிரி, என் கால் நின்றுபோனது. அதே கறுப்புக் கோட்டு. இடது தோளில் பிலோமினா தைத்துக் கொடுத்த அதே தையல். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத அதே வேட்டி. திரும்பியபோதுதான் அது அலோசியஸ் என்று தெரிந்தது. உன் உடுப்பில் நின்றான். அவனுக்கு முன்னால் வாசற்காரனின் கை நீண்டிருந்தது.

"அக்காதான் அயன் பண்ணித் தந்தவ அண்ணை" என்றான், பிழை செய்தவன்போல. "அத்தான் இந்த ஹோட்டலுக்கு இப்பிடித்தானாம் வாறவர். இதுதான் இங்கத்தைய உடுப்பெண்டு சொன்னவ."

அப்போதுதான் விளங்கியது. மறித்த கதையை நீ வீட்டில் சொல்லவே இல்லை. சொல்லாதது மட்டுமா? வேறொரு கதையும் சொல்லியிருக்கிறாய். ஏன் சவிரி? எங்களைச் சிரிக்க வைத்துவிட்டு, ட்ராம் வண்டி ஏறி வீட்டுக்குப் போகும் வழியில் உனக்கு என்ன நடந்தது?

நான் உள்ளே பார்த்தேன். துரைராசா இருந்தான். நானாவும் இருந்தார். வாசலில் காத்து நின்ற நானாவை, "வாங்கோ நானா, அதெல்லாம் பழைய கதை" என்று துரைராசாதான் கூட்டிக்கொண்டு போனானாம். மேசையில் அகன்ற கண்ணாடிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு செரிப்பழம். என்னவென்று நினைக்கிறாய்? சாராயம். நம்முடைய தென்னஞ்சாராயம். உன்னை மறித்த அன்று நாங்கள் கேட்டபோது "அது இங்கே விற்பதில்லை" என்று மூக்கைச் சுளித்த அதே பாரில், இப்போது அது கொக்டெயில். சாராயம் உள்ளே போய்விட்டது. நீ இன்னும் வாசலில்.

துரைராசா வெளியே வந்தான். அலோசியசைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் வெளிறியது. அதைக் கண்டேன், மறைக்கமாட்டேன். பிறகு சட்டத்தரணிக் குரல் வந்துவிட்டது.

"சத்தம் போடவேண்டாம். பக்கத்து மேசையிலை நீதவான் இருக்கிறார். மனேஜர் ஒரு காற்சட்டை தாறன் எண்டு சொல்லுறார். தம்பி பின்பக்கத்தாலை போய் மாத்திக்கொண்டு வரட்டும். அஞ்சு நிமிச வேலை."

அலோசியஸ் வேட்டித் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டான். "அத்தான்ரை வேட்டியைக் கழட்டி வைச்சிட்டு அத்தானுக்காகக் குடிக்கவோ?"

"துரைராசா, நீ வெளியிலை வா" என்றேன்.

"நீ என்னடாப்பா, சின்னப் பிள்ளை மாதிரி. வெறும் உடுப்பு விசயம். உள்ளை போறதுக்கு எவ்வளவு பாடுபட்டனாங்கள்?"

"நாங்கள் பாடுபட்டது நாலு பேருமாய்ப் போக."

"சவிரி இருந்தால் சிரிச்சிருப்பான்" என்றான்.

அந்தச் சொல்லைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சிரித்திருப்பாய், எனக்கும் தெரியும். உன் சிரிப்பைச் சாட்சிக்கு இழுத்து உன் மைத்துனனைப் பின்கதவுக்கு அனுப்ப அவனுக்கு யார் உரிமை கொடுத்தது? செத்தவனின் பகிடியை வாசற்காரனாக்கிவிட்டான்.

நானா இதற்குள் எழுந்து வந்துவிட்டார். துருக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, துரைராசாவின் தோளில் மெல்லத் தட்டினார். "எனக்கு இஞ்சிச் சோடா எங்கயும் கெடைக்கும் தம்பி. நீங்க இருந்து குடிங்க." அவ்வளவுதான். படியிறங்கினார்.

துரைராசா இருந்தான். அவனை விட்டுவிட்டு நாங்கள் மூவரும் ட்ராம் வண்டி பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அவன் இதை வாசிப்பான் என்று தெரிந்துதான் பெயரோடு எழுதுகிறேன்.

உன் வீட்டு வாசலில் எங்களைக் கண்டதும் பிலோமினா, "என்ன, அதுக்குள்ளை முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். ஒரு பொய் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் அலோசியஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அந்த மனுசன் எனக்குச் சொன்னது? கதவைத் திறந்து 'வாங்கோ சேர்' எண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள் எண்டு சொன்னாரே? நானும் அதை நம்பி, ஒவ்வொரு சனிக்கிழமையும் கஞ்சி காய்ச்சி..." அவள் அழவில்லை. உன் படத்தைத் திரும்பிப் பார்த்து, "விசரன்" என்றாள். பிறகு என்னிடம் கேட்டாள், "உங்களுக்கெல்லாம் தெரியும், என்ன அண்ணை?"

"மறிச்சது தெரியும் தங்கச்சி. உனக்கு என்ன சொன்னவன் எண்டது தெரியாது."

மேரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வாற சனிக்கிழமை நானும் வாறன்" என்றாள் பிலோமினா. "குடிக்க இல்லை. வாசலிலை நிண்டு ஒண்டு கேக்கவேணும்."

"என்னத்தைக் கேக்கப்போறாய்?"

"நான் தோய்ச்சுக் கஞ்சி போட்ட வேட்டியிலை எங்கை ஊத்தை இருக்கெண்டு காட்டச் சொல்லிக் கேக்கவேணும்."

நாளைக்குச் சனிக்கிழமை, சவிரி. அலோசியஸ் உன் கோட்டைத்தான் போடுவான். நானா சாரம் உடுத்து வருகிறாராம். என் வேட்டி டோபியிடமிருந்து வந்துவிட்டது. கட்டிப் பழக்கம் விட்டுப்போயிற்று, இன்று காலையில் இரண்டு தரம் அவிழ்ந்தது. உள்ளே விடுவார்களா? எனக்குத் தெரியாது. விட்டாலும் விடாவிட்டாலும், யார் மறித்தார்கள், என்ன சொன்னார்கள், பிலோமினா என்ன கேட்டாள் என்பது ஒரு சொல்லும் குறையாமல் அச்சில் வரும்.

துரைராசாவுக்கும் ஆள் அனுப்பினேன். பதில் இல்லை. நீ இல்லாவிட்டாலும் ஏற்பாடு ஏற்பாடுதான். அவனுக்காகவும் வாசலில் காத்து நிற்போம். அவன் தெருப்பக்கமிருந்து வருகிறானா, உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறானா என்பதை நானே என் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கதவு இந்த வேட்டிக்குத் திறக்கும்வரை, நீ வீட்டில் சொன்ன கதை உண்மையாகும்வரை, என் சனிக்கிழமைகள் அந்த வாசலில்தான்.

இப்படிக்கு,
உன் மேரிக்கு இனி என்றும் மாமாவான
உன் வெள்ளவத்தை மச்சான்