இஸ்திரிப் பெட்டியில் சிவப்புக் கறை

டோல்னா லூக்கா
மார்ச் மாதம், ஞாயிறு

அன்பு மகள் யார்மிலாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் கோழிகளும் உன் வீட்டுக்காரனும் இங்கே நலம். நார்வேயில் இன்னும் பனி கொட்டுகிறதா? ஆஸ்பத்திரிக்கு ராத்திரி வேலைக்குப் போகும்முன் சூடாக எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு போ. இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் எதைச் சொல்வது? நான் போனைக் கையில் எடுத்தால் உன் ராஸ்தோ சமையலறை வாசலில் வந்து நிற்கிறான். நீயோ, "அம்மா, கூப்பிடுறாங்க, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரன் என்னவோ பண்ணுகிறான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து பின்பக்கக் கொட்டகைக்குப் பூட்டுத் தொங்குகிறது. என் வீடு, என் கொட்டகை. வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை அதற்குப் பூட்டுப் போடுகிறான்! நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் உள்ளே போனால், சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருகிறான். திருட்டுத்தனமாகப் பிளம் சாராயம் காய்ச்சுகிறானோ என்று முதலில் நினைத்தேன். அதுவாக இருந்தால் மன்னித்து எனக்கும் ஒரு பாட்டில் கேட்டிருப்பேன். சாவித் துவாரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். பிளம் வாசனையே இல்லை, கண்ணைக் கரிக்கும் ஏதோ பசை நெடி.

கதவைத் தட்டித் தட்டி என் கை வலித்த பிறகு ஒருநாள் திறந்தான். உள்ளே நம் சாப்பாட்டு மேசையைவிட நீளமாக ஒரு இறக்கை, வெறும் எலும்புக்கூடாக, மெல்லிய மரச் சட்டங்களில். "தொடாதீங்க அத்தை, பசை காயல" என்றான். விமானமாம். பெட்ரோல் எஞ்சின் வைக்கப் போகிறானாம். இவன் தரையில் நின்று கையில் ஒரு ரிமோட் பெட்டியை வைத்து ஓட்டுவானாம். "இதுல ஏறி எங்கேயாவது போக முடியுமாடா?" என்று கேட்டேன். முடியாதாம். "அப்புறம் எதுக்கு?" என்றேன். "கைக்கு ஒரு வேலை வேணும் அத்தை" என்றான். கைக்கு வேலை வேண்டுமென்றால் கோழிக்கூண்டின் கதவு போன வருஷத்திலிருந்து ஒற்றைக் கீலில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கக் கூடாதா?

இதோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இதில் ஒரு பொம்பளை இருக்கிறாள். பல் டாக்டர் ஷெல்மீராவை நினைவிருக்கிறதா? என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போய் நல்ல பல்லைப் பிடுங்கியவள். அவளேதான். இப்போது ஓய்வில் இருக்கிறாள், விதவை, உதட்டில் இன்னமும் அந்தச் சிவப்புச் சாயம். இந்த விமானப் பைத்தியங்களுக்கு அவள்தான் தலைவி. கிறிஸ்துமஸ் அன்று உனக்குப் போன் பண்ணிவிட்டு முற்றத்திலிருந்து வந்தவன், பண்டிகை விருந்துக்குப் பொரித்த கெண்டை மீனைத் தொடக்கூட இல்லை. பல்வலி என்றான். பல்வலிக்குத்தான் அவளிடம் போனானாம். திரும்பி வரும்போது கக்கத்தில் ஒரு கட்டு விமான வரைபடம். பல்வலிக்கு இப்படி ஒரு மருந்தா?

சனிக்கிழமைதோறும் பழைய மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்குப் போகிறான். நானும் போனேன். கோழிக்குக் கீரை பறிக்கப் போகிற மாதிரி கூடையோடு போய் வேலி ஓரம் உட்கார்ந்தேன். என்ன பார்த்தேன் என்கிறாய்? இரண்டு பேரும் ஆளுக்கொரு பெட்டியைக் கையில் வைத்திருக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயர்! மேலே பஞ்சுத் தக்கை மாதிரி ஒரு குட்டி விமானம் சுற்றுகிறது. "இப்ப உன் கையில. பயப்படாத, நான் இருக்கேன்" என்கிறாள் அவள். கொஞ்ச நேரத்தில் "குடு, குடு, என்கிட்ட குடு!" என்று கத்துகிறாள். இவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டுகிறான். அவன் தப்புப் பண்ணினால் ஓட்டுவதை அவள் பெட்டி பிடுங்கிக்கொள்ளுமாம், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் முறையாம், வீட்டுக்கு வந்து சொன்னான். சரி என்று நம்பியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அவன் சட்டையைத் துவைக்க எடுத்தால், காலரில் சிவப்புக் கறை. தேய்த்தும் போகவில்லை. அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும்.

மூட்டிவிடுகிறேன் என்று நினைக்காதே. உன் இடத்தில் நான் இருந்தால் அடுத்த விமானத்தைப் பிடித்திருப்பேன். ஆளை ஏற்றிச் செல்கிற விமானத்தை.

நீ அனுப்பிய படம் வந்தது. பனிமலையில் நன்றாகத்தான் நிற்கிறாய். ஆனால் அந்தக் குளிர்ச்சட்டை உனக்குத் தோளில் நிற்கவில்லையே, உன் அளவில் கிடைக்கவில்லையா? படம் எடுத்த தோழியை நான் கேட்டதாகச் சொல்.

உன் குடும்பத்தைக் கண் அசராமல் காவல் காக்கும்
அம்மா மார்கித்தா


டோல்னா லூக்கா
ஈஸ்டருக்குப் பிந்தைய வாரம்

அன்பு மகள் யார்மிலாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் என் மானம் போன கதையைக் கேள்.

ஈஸ்டர் பூசைக்கு என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு, கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பின்னால் குசுகுசுவென்று சிரிப்பு. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்க்கிறேன், என் காலரிலும் அதே சிவப்பு! ஷெல்மீரா எனக்கும் முத்தம் கொடுத்தாளா என்ன? பிறகுதான் புரிந்தது. அந்த இறக்கை எலும்புக்கூட்டின் மேல் ஒரு சிவப்புத் தாளைப் போர்த்தி, சூடு காட்டி ஒட்ட வேண்டுமாம். அதற்கு இந்தப் புண்ணியவான் எடுத்தது என் இஸ்திரிப் பெட்டி. தாளில் இருந்த சிவப்புப் பசை பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, அவன் சட்டையில் பாதி, என் சட்டையில் பாதி. உதட்டுச் சாயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராஸ்தோவைப் பிடித்துக் கிழி கிழி என்று கிழித்தேன். மறுநாளே எனக்குப் புதுப் பெட்டி வாங்கி வந்துவிட்டான். பழையது இப்போது அவனுடையது.

அவளைச் சந்தேகப்பட்ட பாவத்துக்குக் கசகசா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே ஊர் அவளிடம் சொல்லியிருக்கிறது. "என்ன மார்கித்தா, உன் மாப்பிள்ளைய நான் கொத்திட்டுப் போயிடுவேன்னு பாத்தியா? எனக்கு இடுப்பே சரியா நிக்கல, புருஷன் எங்க நிப்பான்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? அவன் பல்வலி தேவலையா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அவன் பல்லுல ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு எதுக்கு வந்தான்னு என்கிட்ட கேக்காத" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தாள்.

அன்றைக்கே ராஸ்தோ அந்தத் தக்கை விமானத்தைத் தலைகுப்புறப் போட்டான். போகும்போது நன்றாகத்தான் போனது. திரும்பி எங்களைப் பார்த்து வரும்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பி நேராகத் தரையில் குத்திவிட்டான். ஷெல்மீரா திட்டவே இல்லை. "போறப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கும். நம்மப் பாத்து வர்றப்ப இடது வலது மாறிப்போயிடும். எந்த ரெக்கை சாயுதோ அந்தப் பக்கமே பெட்டியில இருக்கற குச்சியத் தள்ளு, நிமிந்துக்கும்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மனசில் நின்றுவிட்டது.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அடி யார்கா, உன் புருஷன் சட்டையில் உதட்டுச் சாயம் என்று நான் எழுதியிருக்கிறேன். நீ என்ன பதில் எழுதியிருக்கிறாய்? "பாவம், அவர் சந்தோஷமாக இருக்கட்டும் அம்மா." இவ்வளவுதானா? பேக்கரி யோலானாவோடு அவன் ஒரு கல்யாணத்தில் சேர்ந்தாற்போல இரண்டு பாட்டுக்கு ஆடினதற்கு, தட்டோடு கொழுக்கட்டையை அவன் மேல் வீசினவளடி நீ! கோபப்பட்டு எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ என்னவோ பாரம் இறங்கின மாதிரி எழுதியிருக்கிறாய். திரும்பத் திரும்பப் படித்தும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஈஸ்டருக்கு யாருக்குமே லீவு இல்லை என்றாய். யோலானாவின் மகள் உன் ஆஸ்பத்திரிதானே? அவள் வந்திருந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டேன். "ஈஸ்டர் முட்டைக்கு வர்ணம் நல்லா புடிச்சிருக்கே மாமி" என்று என் கூடையைப் பார்த்துப் பேசினாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்தக் குளிர்ச்சட்டைப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆண்பிள்ளைகள் சட்டைக்குப் பொத்தான் வலது பக்கம் இருக்கும் என்பது தையல் தெரிந்த எனக்குத் தெரியாதா? ஒன்றும் இல்லை என்று சொல். நான் நம்பத் தயாராக இருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா


டோல்னா லூக்கா
மே மாதம்

யார்மிலா,

உனக்கு ஆயுசும் சுகமும் கிடைக்கட்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துவிடுவேன்.

காலண்டரில் உன் பெயர் போட்டிருக்கும் நாளில், உன் பெயர் நாள் அன்று, ராஸ்தோ அந்தப் பெரிய விமானத்தை முதல்முதலாகப் பறக்கவிட்டான். ஷெல்மீரா இடுப்பு ஆபரேஷனுக்கு நித்ரா நகரத்துக்குப் போய்விட்டாள், தான் வரும்வரை பொறுக்கச் சொல்லியிருந்தாள். அவன் கேட்கவில்லை. இந்த நாளில்தான் என்று குளிர்காலத்திலேயே முடிவு பண்ணியிருந்தானாம். ஆனால் இவ்வளவு பெரிய விமானத்துக்கு எஞ்சினைக் கிளப்பும்போது யாராவது வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தனியாளாகச் செய்யவே கூடாதாம். சமையலறையில் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தை, வால் புடிக்க வர்றீங்களா?" என்று கேட்டான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

போனேன். புல்லில் மண்டி போட்டு உட்கார்ந்து வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நான் சொல்ற வரைக்கும் விட்டுறாதீங்க" என்றான். விமானத்தின் மூக்கில் இருந்த விசிறியைக் கையால் சுண்டினான். எஞ்சின் உறுமியது பார், என் தலைத்துணி பறந்து பண்ணைக் கூரையில் போய் விழுந்தது. பாவாடையைப் பிடிப்பதா வாலைப் பிடிப்பதா? வாலைத்தான் பிடித்தேன். அவன் பின்னால் போய் ரிமோட் பெட்டியை எடுத்துக்கொண்டு "விடுங்க!" என்றான். விட்டேன்.

போனதடி அது. சிவப்பாக, நிஜ விமானம் போலவே, எழும்பிப் பிளம் மரங்களுக்கு மேலே போனது. அத்தனை அழகு. நான் கைதட்டினேன். பிறகு அது திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. ஒரு இறக்கை சாய்ந்தது. ராஸ்தோ குழம்பிவிட்டான், இன்னும் சாய்ந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது, ஒயரின் அந்தப் பக்கம் பிடுங்கிக்கொள்ள இன்றைக்கு யாரும் இல்லை. "சாயுற பக்கமே தள்ளுடா!" என்று நான்தான் கத்தினேன். தள்ளினான். நிமிர்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுக் குதிரைமசால் வயலில் இறங்கி ஒரு சக்கரத்தை உடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். சிரித்துக்கொண்டே வயலில் உட்கார்ந்தவன், அப்படியே அழ ஆரம்பித்துவிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன், என் பிள்ளையாக இருந்தால் செய்யமாட்டேனா?

விமானத்தைக் கொட்டகைக்குத் தூக்கிவந்தபோது மேசையில் உன் பெயரைப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் எழுத்தெழுத்தாக வெட்டி, ஒரு கண்ணாடித் தகட்டுக்கு அடியில் வைத்திருக்கிறான். இறக்கையில் அதற்கான இடம் வெறுமையாகக் கிடக்கிறது. ஏன் ஒட்டவில்லை என்றேன். "இஸ்திரிப் பெட்டி இல்லையே அத்தை" என்றான். பெட்டி அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பொய் சொல்கிறவனிடம் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். அன்றைக்கு வரவில்லை. என் கொட்டகைக்கு எதற்குடா பூட்டு என்று மட்டும் கேட்டேன். அவன் சொன்னான்: "தொறந்து வெச்சா நீங்க பக்கத்துல வந்து உக்காந்து கேப்பீங்க அத்தை. நீங்க கேட்டா நான் சொல்லிடுவேன்."

நான் கேட்கவில்லை, யார்கா. ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்கிற நான், வாயை மூடிக்கொண்டு கோழிக்குத் தீனி போடப் போய்விட்டேன். கோழிக்கூண்டுக் கதவு சரியாக இருந்தது. எப்போது சரிசெய்தான் என்றே தெரியவில்லை, என் கண்ணில் அது படவே இல்லை. கிறிஸ்துமஸ் அன்று நீ போனை எடுக்கவில்லை, வேறு யாரோ ஒருவன் எடுத்தான். அப்படித்தானே? உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக அவன் வாயிலிருந்து வரவில்லை. இந்த மூன்று கடிதத்திலும் நான் காவல் காத்தது தப்பான ஆளை.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது, திட்ட மனசு வரவில்லை. நீ என் வயிற்றில் பிறந்தவள். ஆனால் ஒன்று கேட்கிறேன், செய். வருவதாக இருந்தால் வா, வந்து அந்த எழுத்துகளை நீயே ஒட்டு. வரவில்லை என்றால் அதையும் உன் வாயால் அவனிடம் சொல்லிவிடு. அவனை இப்படிப் பூட்டுக்குள் உட்கார வைக்காதே. நீ சொன்னால் அவன் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போய்விடுவானோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அப்படியும் சொல்லிவிடு.

எது நடந்தாலும் சனிக்கிழமை வால் பிடிக்க வருகிறேன் என்று அவனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். சக்கரம் மாட்டிவிட்டான். குளிரில் வெறும் தலையோடு வெளியே போகாதே. கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும்.

உனக்கும் அவனுக்கும்
அம்மா