கடலுக்கு முதுகு காட்டி நின்ற கல்

என் மச்சான் தேசிங்குக்கு,

உன்னைக் கூப்பிட்டுப் பேசி எவ்வளவு காலமாகிறது! அசதியாக இருக்கிறது மச்சான். பர்மாக் காட்டில் பிடித்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது, என்னை விட்டுவிட்டது என்று நினைத்திருந்தேன். விடவில்லை. மழை வந்தால் கூடவே அதுவும் வந்து, சம்பந்தி மாதிரி நாலு நாள் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறது. முட்டியும் தேய்ந்துபோய்விட்டது.

இந்த முட்டியை வைத்துக்கொண்டுதான் போன மாசியில் குன்று ஏறினேன். உன் அம்மாவும், உன் பெண்சாதியான என் தங்கச்சி அஞ்சலையும் கூட வந்தார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பட்டாளத்தில் ஹவில்தார் நமக்கு எழுத்துப் பழக்கினபோது, "வலை வீசறவனுக்கு எழுத்து எதுக்குடா" என்று நீ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாய். இன்றைக்கு நீ உயிரோடு இருந்திருந்தாலும் இதை நான்தான் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

முதலில் ஊர்ச் சேதி. சண்டை முடிந்துவிட்டது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான் என்று திண்டிவனத்தில் பேசிக்கொள்கிறார்கள். போகிறவன் இந்த ரேஷனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனால் தேவலை. அரிசிக்கு வரிசை, துணிக்கு வரிசை, கிருஷ்ணாயிலுக்கு வரிசை. பட்டாளத்தில் நின்று பழகிய கால் என்பதால் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உன் கட்டுமரத்தை இப்போது உன் தம்பிதான் ஓட்டுகிறான். நடுக்கட்டை உளுத்துப்போனதால் மாற்றிவிட்டான், கோபித்துக்கொள்ளாதே.

உன் சாவுச் சேதி எனக்கு முன்னாலேயே காகிதமாக வந்து சேர்ந்திருந்தது. உன் அம்மா, அதான் என் அத்தை, அதை நம்பவில்லை. நான் வந்தபிறகு என் வாயால் சொல்லப் பார்த்தேன். "அத்தை, நான்தான் அவன..." என்று ஆரம்பித்தால் போதும், கருவாட்டைப் புரட்டிப் போட எழுந்து போய்விடுவாள். ஒரே ஒரு நாள் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ வந்துக்கினியே. அவன் வர்றதுக்கு இன்னா?"

ஒன்றாகத்தான் போனோம். விழுப்புரத்தில் ரயில் ஏறும்போது ஒரே பொட்டலத்தில் இருந்த மல்லாட்டையைத்தான் உரித்துத் தின்றோம். ஒருத்தன் மட்டும் திரும்பி வந்தால் பெற்றவள் கேட்கத்தானே செய்வாள். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நம் குப்பத்து முறை உனக்குத் தெரியும். கடல் எடுத்தவனுக்கு உடம்பு கிடைக்காவிட்டால், அவன் கட்டின வேட்டியை மணலில் புதைத்துக் காரியம் செய்துவிடுவோம். கடல் எடுத்தது என்றால் எடுத்ததுதான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. நீயோ தரையில் செத்தவன், அதுவும் குப்பத்தில் ஒருவரும் பார்த்திராத தரையில். உனக்கு என்ன முறை செய்வது என்று குப்பத்துத் தலைவர் நாட்டாருக்கே தெரியவில்லை. "பெத்தவ சரின்னா செஞ்சிடலாம். அவ வாயால வரணும்" என்று சொல்லிவிட்டார். பெற்றவள் வாயைத் திறக்கவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவள் அஞ்சலை. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்பார்களே, அந்தக் கதைதான். கழுத்தில் தாலி இருக்கிறது, தலையில் பூ வைக்கக் கூசுகிறாள். கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் இவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்று விழிப்பார்கள். சரி, அழுதாவது தீர்க்கலாம் என்றால் அத்தை விடமாட்டாள். "யாருக்குடி அழுவுற, ஊட்டுல இன்னா எழவா வுழுந்துச்சி?" என்பாள். உன் பங்குச் சோற்றைத் தினமும் எடுத்து மூடிவைத்து, மறுநாள் காலையில் அதையே கரைத்துக் குடித்துக்கொண்டு இருந்தாள் என் தங்கச்சி. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அத்தை மேல் கோபப்படவும் முடியாது.

அப்போதுதான் குன்றின் மேல் கல் வைத்தார்கள். உப்பளம் தாண்டி, திண்டிவனம் ரோட்டை ஒட்டி ஒரு மொட்டைக் குன்று இருக்கிறதே, கடலில் இருந்து நாம் அடையாளம் பார்ப்போமே, அதேதான். சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக வைத்த கல் என்று தண்டோரா போட்டார்கள். பெரிய மனிதர்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், போய்விட்டார்கள். நம்மை யாரும் கூப்பிடவில்லை.

தண்டோராக்காரன் போனதும் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"கல்லு நட்டுக்கிறாங்கன்னா, கீழ ஆளு இருக்குமாடா?"

நம்மிடம் கல் நடுவது புதைத்த இடத்தில்தானே. வேறு எதற்கும் கல் நட்டு நாம் பார்த்ததில்லை. "இல்லை அத்தை" என்று சொல்லியிருக்கலாம். வருஷக் கணக்கில் உன்னைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. அதை அடைக்க எனக்கு மனசு வரவில்லை. "போய்ப் பாத்துட்டு வரலாம் அத்தை" என்றேன்.

உப்பு ஏற்றிய வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு போனோம். அத்தை மடியில் ஒரு சின்னக் கலயம். உள்ளே கேப்பைக் கூழ், மேலே வாழைச் சருகில் கட்டிய வறுத்த நெத்திலிக் கருவாடு. நீ கரைக்கு வந்ததும் கேட்பாயே, அதே சாப்பாடு. முந்தானை முடிச்சில் மஞ்சள். குன்றடியில் இறங்கினதும் கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறு என்று ஏறினாள். பட்டாளத்துக்காரன் நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை கை கொடுத்துத் தூக்கினாள்.

மேலே போய்ச் சேர்ந்தோம். கிழக்கே உப்பளப் பாத்திகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. தெற்கே கழுவெளித் தண்ணீர், அதில் நின்ற நாரைகள். அப்புறம் பனை வரிசை. அதற்கும் அந்தப் பக்கம் கடல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கடல் மச்சான். அதன் மேலேயே பிழைப்பு நடத்திவிட்டு, உட்கார்ந்து பார்க்க நமக்கு எங்கே நேரம் இருந்தது? அழகாகத்தான் இருந்தது. ரசிக்கிற தெம்புதான் என்னிடம் இல்லை.

ஆள் உயரக் கல், சுற்றிலும் சங்கிலி. காவலுக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். விக்கிரவாண்டிப் பக்கத்துக்காரர், நம்மைப் போலச் சண்டைக்குப் போனவர்தான். சட்டையின் இடது கை காலியாகத் தொங்கியது. கல்லில் இருந்த எழுத்தை அத்தைக்கு நான் படித்துச் சொன்னேன். இந்தப் பக்கத்து ஊர்களில் இருந்து போய்ப் போரில் வீர மரணம் அடைந்தவர்களுக்கு, அவ்வளவுதான். காய்ச்சலில் பிதற்றிப் பிதற்றிச் செத்த உனக்கு வீர மரணம். போகட்டும், அந்தக் காய்ச்சலோடு கடைசி வரை மல்லுக்கு நின்றவன்தானே நீ.

"பேரு?" என்றாள் அத்தை.

"யாரு பேரும் போடல அத்தை."

கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எழுத்தெல்லாம் மேற்கே ரோட்டைப் பார்த்து இருந்தது. கடல் பக்கம் வெறும் கல்.

"இது இன்னாடா, கடலுக்கு முதுவக் காட்டிக்கினு நிக்குது?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. செத்தவனைக் குழியில் வைத்தால் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைப்பதுதானே நம் வழக்கம். சாவு வீட்டில் அடித்துக்கொள்கிற பங்காளிகள்கூட அந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிடுவார்கள்.

"ரோட்டுல கார்ல போறவங்களுக்குத் தெரியணும்னு அப்படி வச்சாங்கம்மா" என்றார் காவல்காரர்.

"கார்ல போறவனுங்களா இவனப் பெத்தானுங்க? திருப்பி வைங்க."

"நல்லா இருக்குதே. ஆளுங்க மாடு மாதிரி இழுத்து நட்ட கல்லும்மா அது. திருப்பறதுன்னா மேல இருந்து உத்தரவு வரணும்."

அத்தை சங்கிலியைத் தாண்டிப் போய் முந்தானையை அவிழ்த்தாள். மஞ்சளைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். "பேஜாரு பண்ணாதம்மா. கல்லுல எதுவும் பூசக்கூடாது. இது கோயிலு இல்ல."

"கோயிலுன்னா நான் ஏன் கருவாடு எடுத்துக்கினு வர்றேன்?"

அவர் அத்தையைப் பார்த்தார், அஞ்சலையின் கழுத்தைப் பார்த்தார், கடைசியில் என் பக்கம் திரும்பினார். "எந்த கம்பெனிப்பா நீ?"

"ரோடு போடற கம்பெனி. பர்மா பக்கம். இவங்க புள்ள என்கூட வந்தவன்."

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "எழுத்து இருக்கற பக்கத்துலதான் கை வைக்கக்கூடாதுன்னு உத்தரவு. பின்னாடிப் பக்கத்தப் பத்தி எனக்கு யாரும் ஒன்னும் சொல்லல" என்றார். பீடி பற்றவைத்துக்கொண்டு மேற்குப் பக்கமாகப் போய் ரோட்டைப் பார்த்துக் குந்திவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி நல்லவர்.

அத்தை கடல் பக்கத்துக் கல்லில் மஞ்சளைக் குழைத்து அப்பினாள். கலயத்தைக் கீழே வைத்தாள், கருவாட்டுக் கட்டைப் பிரித்து வைத்தாள். பிறகு கல்லில் சாய்ந்து, கடலைப் பார்த்தபடி காலை நீட்டிக் குந்தினாள். நாங்களும் குந்தினோம். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"நீதான பொதைச்ச?"

"ஆமா அத்தை."

"மொகத்த எந்தப் பக்கம் வச்ச?"

அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? உனக்கு எப்படி இருக்கும். மழை விடாமல் கொட்டியது, சூரியனைக் கண்ணால் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. சுற்றிலும் மரமும் மலையும். கிழக்கு எது, மேற்கு எது என்றே தெரியவில்லை. கடல் எந்தப் பக்கம் என்று ஹவில்தாரைக் கேட்டேன். எனக்கும் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து, "சமுத்திரம் எங்கேயோ இருக்கு, ஜல்தி மண்ணத் தள்ளு" என்றார். நான் தள்ளவில்லை. கீழே ஒரு ஓடை போய்க்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீர் எங்கே சுற்றினாலும் கடைசியில் கடலுக்குத்தானே போக வேண்டும்? குழிக்குள் இறங்கி, அந்தத் தண்ணீர் போகிற பக்கமாக உன் முகத்தைத் திருப்பி வைத்தேன்.

இதை ஒன்றுவிடாமல் அத்தையிடம் சொன்னேன். கடல் அங்கிருந்து தெரியாது என்பதையும் சொன்னேன்.

"தண்ணி போற பக்கமா வச்ச?"

"ஆமா அத்தை."

"அப்ப சரி" என்றாள்.

அவ்வளவுதான் மச்சான். இத்தனை வருஷமாக நாட்டார் காத்திருந்த வார்த்தை அது. கூழில் ஒரு கை எடுத்துக் கல்லடியில் ஊற்றினாள், ஒரு வாய் குடித்தாள், கலயத்தை எங்களிடம் நீட்டினாள். கீழே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கவே இல்லை.

இறங்கும்போது பாதி வழியில் நின்றாள். "வர்ற அமாவாசைக்குக் காரியம் வச்சிக்கலாம், நாட்டாருகிட்ட சொல்லிடு எல்லப்பா" என்றாள். பிறகு அஞ்சலையிடம், "ஊருப் பொம்பளைங்க யாரும் உன் கழுத்துல கை வைக்க வாணாம். நீயே கழட்டிக் கடல்ல வுட்டுடு. பொட்டு வைக்கிறதா இருந்தா வச்சிக்கோ, எவ கேக்கிறான்னு நான் பாக்கிறேன்" என்றாள். அஞ்சலை ஒரு பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாருக்கு அழுகிறாய் என்று அத்தை அன்றைக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

காரியம் நல்லபடி நடந்தது. உன் நீலக் கரை வேட்டியைப் புதைத்தோம். இப்போது மாமியாரும் மருமகளும் சேர்ந்தே மீன்கூடை தூக்கிச் சந்தைக்குப் போகிறார்கள். அஞ்சலை சின்னதாகப் பொட்டு வைக்கிறாள். பேசுகிறவர்கள் பேசுவார்கள்தான், ஆனால் அத்தை வாய்க்குப் பயந்து கிட்டத்தில் வந்து யாரும் பேசுவதில்லை.

எனக்குத்தான் ஒன்று உறுத்துகிறது. அந்த ஓடை கொஞ்ச தூரம் போய் ஒரு மலைக்குப் பின்னால் திரும்பி மறைந்துவிட்டது. அதற்கு அப்புறம் அது எந்தப் பக்கம் போனதோ நான் பார்க்கவில்லை. நான் வைத்த பக்கம் சரிதானா மச்சான்? தப்பாக இருந்தால் இத்தனை நாளில் நீயே திரும்பிப் படுத்திருப்பாய் அல்லவா?

சித்திரையில் பெய்த மழையில் கல்லில் இருந்த மஞ்சள் கரைந்துபோனது. "மஞ்ச நிக்கல, சுண்ணாம்பு அடிச்சிட்டு வா" என்று அத்தை என்னை ஏவினாள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு, மறுபடி இந்த முட்டியோடு ஏறினேன். காவல்காரர் ஒன்றும் கேட்காமல் பீடியை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனார். கடல் பக்கம் முழுக்க அப்பிவிட்டு இறங்கினேன்.

போன வாரம் உன் தம்பி கரையேறினதும் வலையைக்கூட இறக்காமல் என்னிடம் ஓடிவந்தான். தூரத்தில் மப்பு கட்டினால் குன்று கலங்கிப்போய், மீன் கிடக்கிற இடம் பிடிபடாது என்று நாம் எத்தனை நாள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். இப்போது அந்த வெள்ளை நன்றாகத் தெரிகிறதாம். நம் குப்பத்துப் பனைக்கு நேராக அது வந்து நின்றதும், "தேசிங்கு தெரியறான், வலைய வுடுங்கடா" என்கிறார்களாம். பக்கத்துக் குப்பத்து ஆட்களும் அப்படியே சொல்கிறார்களாம். தேசிங்கு யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் சுண்ணாம்புச் சட்டியோடு ஏறுவேன் மச்சான். நடக்க முடியாமல் போனால் உட்கார்ந்து உட்கார்ந்தாவது ஏறுவேன். நம் பிள்ளைகள் கடலில் இருக்கிற வரைக்கும் நீ அவர்களுக்குத் தெரிவாய்.

உன்னோடு போய், உன்னை விட்டுவிட்டு வந்த
உன் மச்சான்
எல்லப்பன்