புள்ளிகள் மட்டும் தெரிந்த வரி

இன்று காலை சோதனைக்கு எடுத்த முதல் பட்டாசு லேபிள் தாளில், ஒவ்வொரு லேபிளின் அடியிலும் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. பிரிண்டரில் மை சிந்துகிறது என்று நினைத்து, துடைத்துவிட்டு இன்னொரு தாள் எடுத்தேன். அதே இடம், அதே புள்ளிகள். மை இவ்வளவு ஒழுங்காகச் சிந்தாது. முதலில் ஒரு வளைவின் நுனி, அதை ஒட்டி ஒரு புள்ளி, தள்ளி ஒன்று, இன்னும் தள்ளி ஒன்று. உன் நினைவு வந்தது.

ஆவணியில் காய்ச்சலில் நீ போன பிறகு, உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். அதுவரை நீ அச்சடித்த ஸ்டிக்கர் தாள்களைப் பக்கத்து மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தவள்தானே நான். கம்ப்யூட்டரில் லேபிள் பைல் என்பது கோடுகள் தெரியாத ஓர் அட்டவணை என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருநாள் நீ தண்ணீர் குடிக்கப் போன நேரம், ஒரு கட்டத்துக்குள் எண்டரைத் தட்டிவிட்டேன். அந்த வரிசை உப்பி, கீழே இருந்ததெல்லாம் இறங்கி, கடைசி வரிசை அடுத்த பக்கத்துக்கே போய்விட்டது. நீ வந்து பார்த்துச் சிரித்தாய்.

"ஏ புள்ள, ரேஷன் கடை வரிசையில ஒருத்தி சம்மணம் போட்டு உக்காந்தா, பின்னால நிக்கிறவ ரோட்டுக்குத்தான் போவா."

பிறகு வரிசையின் உயரத்தைப் பூட்டும் இடத்தைக் காட்டினாய். அதில் 'எக்ஸாக்ட்லி' என்று வைத்தால், உள்ளே எவ்வளவு எழுதினாலும் கட்டம் வளராது. கொள்ளாத வரி அழியாமல் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். சாப்பாட்டு நேரத்தில் அதுதான் நம் விளையாட்டு. நீ ஒரு பெயரை எழுதிக் கட்டத்தை நசுக்குவாய். எழுத்துகளின் தலையில் எட்டிப் பார்க்கும் புள்ளிகளையும் வளைவுகளையும் மட்டும் வைத்து நான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தாலும் முணுமுணுப்பேன். "சத்தமா வாசி. வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?" என்பாய். பத்தாவதோடு நின்றபோது, இனி யாரும் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொல்லமாட்டார்கள் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஒரு கடையிலிருந்து புஸ்வாணப் பெட்டிகள் திரும்பி வந்தன. எப்போது செய்தது என்று லேபிளில் இல்லையாம். மேனேஜர் அண்ணாச்சி பேக்கிங் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "போன பிள்ளையக் குறை சொல்லக் கூடாது. ஆனா அதுக்குக் கவனம் பத்தாது. அந்த வரியவே விட்டுட்டுப் போயிருச்சு."

உன் அம்மா அங்கேதான் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். "தெரியாமச் செஞ்சிருப்பா அண்ணாச்சி. மனசுல வச்சிக்கிடாதீக" என்றார். தலை நிமிரவில்லை.

இன்று வேலைக்கு வந்ததும் அதே அண்ணாச்சி, "அந்தப் பழைய பைல்லயே இன்னொரு லோடுக்கு எடும்மா. எதையும் தொடாத" என்றார். அதற்கு எடுத்த தாளில்தான் இந்தப் புள்ளிகள். பைலில் தப்பு என்றால், மறுபடியும் ஏன் அதே பைல்?

ஆடியில் அவர் உன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது ஞாபகம் வந்தது. குடோன் ஒழுகி, போன வருடத்துப் புஸ்வாணங்களை வெயிலில் காயவைத்த வாரம் அது. ஈரம் ஏறிக் காய்ந்த மருந்து எரியுமா வெடிக்குமா என்று சொல்ல முடியாது என்று பேக்கிங்கில் பேசிக்கொண்டார்கள். பெட்டிகளில் நனைந்த லேபிளை உரித்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டியிருந்தது. "கடைசி வரி வேண்டாம், எடுத்திரு. இடம் பத்தல" என்றார் அவர். இடம் தாராளமாக இருந்தது. நீ "சரிங்க அண்ணாச்சி" என்றாய்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னாய்? இன்று காலை கொஞ்ச நேரம் உன்னையும் சந்தேகப்பட்டேன். அன்று வேலை முடிந்து நம் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குத் திரும்பும் வேனில், வெளியே பார்த்தபடி, "புள்ளியப் பாத்தா நீ கண்டுபிடிச்சிருவேல்ல?" என்று கேட்டாய். விளையாட்டைத்தான் சொல்கிறாய் என்று தலையாட்டினேன். நீ உண்மையிலேயே அப்படிக் கேட்டாயா, இல்லை, எனக்கு வேண்டியதை நானே இப்போது சேர்த்துக்கொள்கிறேனா? அதிலும் சந்தேகம்தான்.

பைலைத் திறந்து வரிசைகளின் உயரத்தைப் பார்த்தேன். 'எக்ஸாக்ட்லி' என்று இருந்தது. எல்லா வரிசைகளையும் சேர்த்துப் பிடித்து, எழுத்துக்குத் தக்கபடி வளரவிடும் 'அட்லீஸ்ட்' என்று மாற்றினேன். ஒவ்வொரு கட்டமாக விரிய, புள்ளிகளுக்குக் கீழே எழுத்துகள் வந்தன. தயாரித்த மாதம், வருடம். பக்கத்திலேயே போன வருடத்துத் தேதி. எடுக்கச் சொன்னதை நீ எடுக்கவே இல்லை. கடைசி வரிசை அடுத்த பக்கத்துக்குப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டு அச்சடித்தேன்.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு பேக்கிங் அறைக்குப் போனேன். உன் அம்மாவின் பசைக் கிண்ணத்தை நகர்த்தி, புள்ளித் தாளையும் வரித் தாளையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வாசலில் நின்ற அண்ணாச்சி, "என்னம்மா அது?" என்றார்.

நான் சத்தமாக வாசித்தேன்.