சிவப்பு சிலிக்கோன்

ஜூலை 3, வியாழன்

இன்று முழுக்க பிரேக் வேலை. மதியம் சாப்பிடும்போது யாசின் பாய், "பெவர்லி, நீ சிரிச்சு நான் பாத்ததே இல்லலா. கஸ்டமர் பயப்படுறான்" என்றார்.

"பயந்தாதான் பாய் பிரேக்க ஒழுங்கா பாத்துக்குவான்."

அவர்தான் சிரித்தார். தெமியாங்கில் ஒரு பெண்ணுக்குப் பட்டறை வேலை கொடுத்த ஒரே முதலாளி. அவருக்காகவாவது சிரித்திருக்கலாம்.

எஸ்டேட் பாதையில் செம்பனைக்குலை லாரி சேற்றில் மாட்டி நின்றதால் தாமதமாகத்தான் வீடு வந்தேன். அம்மா போனில் இருந்தார். "குவாந்தான்ல மழையா? சாப்பிட்டியா? சரி வை." அண்ணனோடு அவ்வளவுதான் பேச்சு. கிறிஸ்துமஸுக்கும் வராதவன். நான் வேலைக்கு எடுத்துப்போவது அவன் விட்டுப்போன ஸ்பானர்களைத்தான். பதினேழாம் நம்பர் ஸ்பானரின் கைப்பிடியில் "கிளென்" என்று அவனே ஆணியால் கீறியது இன்னும் இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

பூசையில் முதல் வாசகம் வழக்கம்போல ஜோசப்ராஜ். என்ன குரல்! கடைசி பெஞ்சில் அழும் குழந்தைகூட நிறுத்திக் கேட்கும். அந்தக் குரலில்தான் இரண்டு வருடங்களுக்கு முன், பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்தில், அண்ணனைப் பற்றி எல்லோருக்கும் சொன்னார்: "நான் என்ன பண்றது? நம்ம பையன்னு வேல குடுத்தேன். ஆயில் லைன ஒழுங்கா மாட்டாம கார எரிச்சிட்டான்."

மந்தினில் அவருடைய பட்டறையில் டர்போ மாற்றிய கார், ஹைவேயில் புகை கக்கி, போனட்டுக்குள் தீப்பிடித்தது. ஓட்டியவர் குதித்துத் தப்பினார். காரில் ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணன் வீட்டில் சொன்னது: "நான் புது வாஷர் கேட்டேன்மா. அங்கிள் பழசயே திருப்பிப் போட்டு, சிவப்பு சிலிக்கோன் பசையத் தடவி, இது போதும்டான்னாரு." வெளியில் யார் நம்பினார்கள்? அதன்பின் செரம்பான் வட்டாரத்தில் எந்தப் பட்டறையும் அவனை எடுக்கவில்லை.

சமாதானம் பகிரும் நேரத்தில் ஒவ்வொரு வாரமும் ஜோசப்ராஜ் எங்கள் பெஞ்ச் தேடி வந்து கை நீட்டுகிறார். "சமாதானம், மா." கோயிலுக்குள் மறுக்க முடியாது. அந்தக் கையைத் தொட்ட பிறகு நற்கருணை அப்பத்துக்குப் போக எனக்குப் பிடிப்பதில்லை.

நான் படித்த நாவல்களில் பழிவாங்குகிறவர்களுக்கு எல்லாம் நிறைய நேரம் இருக்கிறது. ஒருவரும் காலையில் வேலைக்குப் போவதில்லை.

ஜூலை 9, புதன்

தேடிப் போகவில்லை. அதுவே வந்தது.

பெட்ரிசியா. ஜோசப்ராஜின் மகள், ஞாயிறு மறைக்கல்வியில் என் பக்கத்து நாற்காலி. லீவு போட்டுவிட்டு கார் கொண்டுவந்திருந்தாள். அவளுடையதும் டர்போ. "எண்ணெய் கருகுற வாசம் பெவ். அப்பாகிட்ட சொன்னா நாளைக்குப் பாக்கலாங்கிறாரு. அவருக்கு அடுத்தவன் காருக்குத்தான் நேரம்லா."

பாய், "இறுக்கிப் பாரு, ஒழுக்கு நின்னா குடுத்துடு" என்றார்.

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய் என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அதன் முனையில் ஒரு வளையம். வளையத்துக்குள் நுழையும் போல்ட்டுக்கு உள்ளேயே ஓட்டை உண்டு, எண்ணெய் அதன் வழியாகத்தான் போகிறது. பேஞ்சோ போல்ட் என்பார்கள். வளையத்துக்கு மேலும் கீழும் ஒவ்வொரு செப்பு வாஷர். செம்பு நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக நசுங்காது, அதனால் கழற்றினால் புதிது போட வேண்டும். பசை வேண்டவே வேண்டாம்.

போல்ட்டைக் கழற்றினேன். சிவப்பு. வாஷரைச் சுற்றிச் சிவப்பு. ஓட்டைக்குள் பாதி அடைத்தபடி ஒரு சிவப்பு வால்.

சொந்த மகள் காரில்!

அந்த வால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் டர்போவுக்கு எண்ணெய் நிற்கும். எண்ணெய் நின்றால் அது விசில் போல ஊளையிடும், பிறகு நெருப்பு. எல்லாம் எனக்குத் தெரியும். சுற்றிலும் துடைத்தேன். அதே வாஷர், அதே சிவப்பு, அதே போல்ட். இறுக்கினேன். வெளியே ஒழுக்கு நின்றது. சாவியைக் கொடுத்தேன்.

நான் எதுவும் செய்யவில்லை. அதைத்தான் செய்தேன்.

ஜூலை 10, வியாழன்

பெட்ரிசியா தினமும் வேலைக்கு ஹைவேயில் கஜாங் வரை போய் வருகிறாள். அவருக்குத் தெரியட்டும், எரிவது எப்படி இருக்கும் என்று.

ஜூலை 11, வெள்ளி

பெட்ரிசியா வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தாள். "பெவ், வாசம் போச்சுலா! ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சி அப்பா அம்மாவ சி ரூசா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீதான் சரி பண்ணேன்னு அப்பாகிட்ட சொன்னேன். அவரு ஒண்ணுமே பேசல." பின்னால் சிக்னல் லைட் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டே பேசியிருக்கிறாள்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் குரலை இல்லை, அந்த டிக் டிக்கை.

ஒண்ணுமே பேசல. ஏன் பேசவில்லை? போல்ட்டைக் கழற்றினால் நான் எதைப் பார்த்திருப்பேன் என்று அவருக்குத் தெரியாதா? இன்னொன்றும் தெரியும் — கடைசியாகக் கை வைத்தது நான். கார் எரிந்தால் அதே தேத்தண்ணி மேசையில் அதே குரல்: "அண்ணன் மாதிரியேதான் தங்கச்சியும்." சிலிக்கோனும் சேர்ந்தே எரிந்துபோயிருக்கும்.

சீ. என்ன மடச்சி நான். அவருக்கு எதிரான ஒரே சாட்சியை நானே இறுக்கி அனுப்பியிருக்கிறேன்.

இதை நல்ல மனசு என்று எழுதிக்கொள்ள மாட்டேன். அவரை மன்னிக்கவில்லை. அந்த போல்ட் எனக்கு வேண்டும். என் தலைக்குள் அடிக்கும் அந்த டிக் டிக்கும் நிற்க வேண்டும் — சரி, அதுவும்தான்.

அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: காரை எடுக்காதே. நாளை காலை நானே வந்து இழுத்துப் போகிறேன்.

ஜூலை 12, சனி

காலையில் பாயின் இழுவை லாரியில் மந்தின் போய் காரை ஏற்றி வந்தோம். வழியில் பாய் கேட்டார், "ஏன் திரும்ப?"

"அன்னைக்கு நான் ஒழுங்கா செய்யல, பாய்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி. இன்னைக்கு ஒழுங்கா செய்."

குழாயையே மாற்றினேன். பழையதன் வயிற்றில் எவ்வளவு சிவப்பு ஒட்டியிருக்கிறதோ யார் கண்டது. உட்காரும் இடத்தை நூல் பிரியாத துணியால் துடைத்தேன், கண்ணாடி போல. டர்போவின் வாய்க்குள் புது எண்ணெய் ஊற்றி, கையால் மெல்லச் சுழற்றிவிட்டேன். வளையத்துக்கு மேலும் கீழும் புதுச் செப்பு வாஷர். முதலில் புது போல்ட்டை விரலாலேயே முறுக்கினேன்; விரலுக்கு இணங்காத மரையை ஸ்பானரால் மிரட்டக் கூடாது, இது அண்ணன் சொல்லிக்கொடுத்தது. பிறகு இறுக்கம் அளவுக்கு வந்ததும் சொல்லிவிடும் டார்க் ஸ்பானர், "டக்" என்றதும் கை எடுத்துவிட்டேன். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, என்ஜின் பற்றாமல் சுற்ற வைத்தேன். எண்ணெய் முதலில் அங்கே போய்ச் சேரட்டும்.

பெட்ரிசியா பக்கத்திலேயே நின்றாள். "இது என்ன சிவப்பா?"

"சிலிக்கோன்."

"யாரு போட்டது?"

"உங்கப்பா பட்டறையத் தவிர வேற எங்கயாவது காரு விட்டியா?"

அவள் குனிந்து அந்தச் சிவப்பைக் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில், "கிளென் அண்ணன் சொன்னது இதுதானா?"

என்ஜின் சூடேறி, ஆறி, மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு துளி ஈரம் இல்லை. பழைய போல்ட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். துடைக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

"சமாதானம், மா."

கை கொடுத்தேன். என் உள்ளங்கையில் இருந்தது அவருடைய உள்ளங்கைக்கு மாறியது. குனிந்து பார்த்தார். சிவப்பு வால்.

தொழில் தெரிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. கையை மூடிக்கொண்டார். அடுத்த பெஞ்சில் மணியம் அண்ணன் கை நீட்டிக்கொண்டு நின்றார், இவரால் கையைத் திறக்க முடியவில்லை. அப்படியே மூடிய கையோடு முன்பெஞ்சுக்குத் திரும்பினார்.

இனித்தது. கோயிலில் நின்றுகொண்டு எனக்கு இனித்தது.

சி ரூசாவுக்கு அவர்கள் போகவில்லையாம். பெட்ரிசியா வீட்டில் அந்தச் சிவப்பைப் பற்றி அப்பாவிடம் கேட்டாளாம்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று வாசகம் வேறு யாரோ.

பூசை முடிந்து, தேத்தண்ணி மேசையில் ஜோசப்ராஜ் அம்மாவிடம் வந்து நின்றார். "கிளென் நம்பர் வேணும், சிஸ்டர்."

அம்மா கப்பிலிருந்து கண் எடுக்கவில்லை. "எதுக்கு? இன்னொரு காரு எரிஞ்சிருச்சா?"

அவர் முகம் போன போக்கு. "அன்னைக்கு... சிலிக்கோன் போட்டது நான்தான். பையன் மேல தப்பில்ல." முணுமுணுப்பு.

"கேக்கல அங்கிள்," என்றேன். "வாசகம் வாசிக்கிற மாதிரி சொல்லுங்க. அன்னைக்குச் சொன்னீங்கல்ல, அந்த மாதிரி."

பெட்ரிசியா என்னைப் பார்த்தாள், பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள். தடுக்கவில்லை.

சொன்னார். சத்தமாக. கரண்டி கலக்கும் ஓசைகூட நின்றுவிட்டது. பாதியில் குரல் உடைந்தது, ஆனால் முடித்தார். பிறகுதான் நம்பரைக் கொடுத்தேன்.

ஒரு வாரம் காய்ச்சல் கிடந்து எழுந்தது போல் இருக்கிறது. இனிப்பு இல்லை. ஆனால் திரும்பச் செய்யச் சொன்னாலும் இதையேதான் செய்வேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அண்ணன் வந்திருக்கிறான். இளைத்திருக்கிறான், தாடி வேறு. அம்மா நேற்றிலிருந்து சமைத்துக்கொண்டே இருக்கிறார்.

சமாதானம் நேரத்தில் ஜோசப்ராஜ் தயங்கித் தயங்கி வந்தார். அண்ணன் கை கொடுத்தான். என்னிடமும் நீட்டினார். நான் கும்பிட்டேன், தொடவில்லை. வெளியே வந்ததும் அண்ணன், "விடேன்டி" என்றான்.

"உன் கை உன்னோடது. என் கை என்னோடது."

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். "என் பதினேழு எங்கடி?"

என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கீறல் எழுத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, சட்டைப்பையில் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். யாசின் பாய் எங்கள் இருவரையும் எட்டு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

போகிற வழியில் எனக்கென்று ஒரு பதினேழு வாங்கினேன்.