தீவிலிருந்து வந்த ஒரே குழாய்

கோபன்ஹேகன், வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பா,

உடம்பு எப்படி இருக்கிறது? வாய்ப்புண் ஆறியதா? அம்மா சுகமா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு வேடிக்கை. மூடுபனியால் நம் தீவு விமானம் தாமதமாகி, ரத்தப் பெட்டி நேற்றுதான் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. "உங்க ஊர் ரத்தம்கூட லேட்டாத்தான் வருமா, தூரி?" என்று கூட வேலை பார்க்கும் பிர்கிட்டே சிரித்தாள். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் பெட்டியில் இருந்தது ஒரே குழாய். அன்று நம் ஊர் ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தது நீங்கள் மட்டும்தான் என்று போனில் சொன்னீர்களே. மருந்து கேட்கிறதா, ரத்தத்தில் கட்டியின் தடயம் குறைகிறதா என்று பார்க்கும் இயந்திரத்தில் நானே அதை வைத்தேன். முடிவையும் நானே பார்த்தேன்.

"என் ரத்தத்தையே கையில வெச்சிக்கிட்டு வாயத் தொறக்க மாட்டேங்கிறியேடி!" என்பீர்கள். டாக்டர்தான் சொல்லலாம், அப்பா. போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். இங்கே ஆய்வகத்தில் ஜன்னல்களைத் திறக்க முடியாது, நம் ஊர்க் காற்றுக்கு ஏங்குகிறேன்.

காய்ந்த ஆட்டிறைச்சி கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் பழைய கம்பளிச் சட்டையையும், துவைக்காமல்.

டாக்டரிடம் எப்போதும் தனியாகத்தான் போவீர்கள். இந்தத் தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த பெட்டி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் தூரி